பிராணவாயு: அளந்து பார்ப்பதும் அளந்து கொடுப்பதும்

நம் தோட்டப்புற வீடுகளில் முன்பு காணாத இரண்டு பொருள்களை இன்று காண்கிறோம். ஒன்று, விரல் நுனியில் மாட்டினால் எண் காட்டும் சிறு கவ்வி. மற்றொன்று, சுவரோரம் நின்று இரைந்துகொண்டே மூக்குக் குழாய் வழியாகப் பிராணவாயு தரும் இயந்திரம். முன்னதை ஆக்சிமீட்டர் என்கிறார்கள். அது இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிறது. பின்னது, குறைவாக இருப்பதை நிறைவு செய்கிறது. இரண்டும் நல்ல பொருள்களே. ஆனால் முன்னதை முறையாகப் பார்க்கத் தெரியாமல் பின்னதைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்தாக முடியும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பெரியோர் சொன்னார்கள். பிராணவாயுவுக்கும் இது பொருந்தும். அது காற்றிலே இருப்பதுதானே, கொஞ்சம் கூடினால் என்ன என்று பலரும் நினைக்கிறோம். மூக்குக் குழாய் வழியாக வரும்போது அது வெறும் காற்றன்று, மருந்து. மருந்துக்கு அளவு உண்டு, நேரம் உண்டு, அதைத் தீர்மானிக்கும் முறையும் உண்டு. அந்த முறையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். நாம் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 21 பங்கு, பிராணவாயு. நுரையீரலின் சிறு சிறு காற்றறைகளில் அது இரத்தத்தோடு சேர்கிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் அதை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுவதும் கொண்டுபோகிறது. திரும்பி வரும் இரத்தம் கரியமில வாயுவைக் கொண்டுவந்து நுரையீரலில் விட, நாம் அதை மூச்சாக வெளிவிடுகிறோம். ஆக, நுரையீரலுக்கு வேலை இரண்டு: நல்லதை உள்ளே ஏற்றுவது ஒன்று, கெட்டதை வெளியே தள்ளுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடாதீர்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

விரல் கவ்வி காட்டும் எண் என்ன? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் நூற்றுவீதம் கற்றுக்கொடுக்கிறோம். அதே கணக்குதான். நூறு லாரிகள் சாலையில் போகின்றன. அவற்றில் 96 லாரிகள் சரக்கு ஏற்றிப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். கவ்வி 96 என்று காட்டும். நலமாக உள்ளவருக்கு 95 முதல் 100 வரை இருக்கும். பல ஆண்டுகள் பீடி, சிகரெட், சுருட்டு பிடித்ததாலோ, விறகடுப்புப் புகையிலே நின்றதாலோ, பழைய காசநோயின் தழும்பாலோ நுரையீரல் பழுதுபட்டவருக்கு அது 92, 90, 88 என்று இறங்கியிருக்கலாம்.

இந்தக் கவ்வி பிறந்த கதை சுவையானது. ஜப்பானிய நிறுவனமொன்றில் பணியாற்றிய தாகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தார். இரத்தத்தில் கலந்த சாயத்தை ஒளியால் அளக்க முயன்றபோது, நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையையே அவர் துணையாக மாற்றிக்கொண்டார். நாடியோடு சேர்ந்து துடிக்கும் இரத்தத்தை மட்டும் பிரித்து, இரு வகை ஒளியை அதனுள் செலுத்தினால், பிராணவாயு உள்ள இரத்தத்துக்கும் இல்லாத இரத்தத்துக்கும் வேறுபாடு தெரியும் என்று கண்டார். 1974ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். ஊசி இல்லை, வலி இல்லை. அதன்பின் உலகெங்கும் அறுவை சிகிச்சைக் கூடங்களில் அந்தக் கருவி இடம்பிடித்தது.

நம் வீடுகளுக்குள் அது பெருவாரியாக வந்தது கொவிட் காலத்தில். 2021ஆம் ஆண்டில் மலேசியாவில் ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே தனித்திருந்தபோது, மூச்சுத் திணறல் தெரியாமலேயே சிலருக்குப் பிராணவாயு இறங்கியது. ஆகவே விரலில் அளந்து பார்த்து, 95க்குக் கீழே போனால் தெரிவிக்கும்படி சொல்லப்பட்டது. அன்று வாங்கிய கவ்வி பல வீடுகளில் இன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நோய் போனபின், அது தாத்தாவின் இழுப்பைப் பார்க்கப் பயன்படுகிறது. ஆனால் அதை எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லித்தரத்தான் அதிகம் பேர் இல்லை.

பால்மரத்தில் வேலை செய்த மூத்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். பால் நிறுக்கும் இடத்தில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அதற்கு மெட்ரோலாக் என்ற மிதக்கும் கருவி உண்டு. பாலை நன்றாகக் கலக்கி, அளவாக நீர் சேர்த்து, நுரையை ஒதுக்கிவிட்டுக் கருவியை மிதக்கவிடவேண்டும். ஒரு நாள் கலக்கியும் மறுநாள் கலக்காமலும், ஒருவருக்கு ஒரு பங்கு நீரும் இன்னொருவருக்கு வேறு பங்கு நீரும் சேர்த்து அளந்தால் என்ன ஆகும்? கணக்கு தவறும், சம்பளத்தில் சண்டை வரும். கருவி பொய் சொல்லவில்லை. அளந்த முறைதான் பொய் சொல்லியது. விரல் கவ்வியும் அப்படித்தான். ஒரே மாதிரி அளந்தால்தான் இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட முடியும்.

அந்த ஒரே மாதிரியான முறை இதுதான்.

நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பத்து நிமிடமாவது ஓய்வெடுக்கட்டும். குளித்துவிட்டு வந்தவுடனோ, படியேறி வந்தவுடனோ, இருமி முடித்தவுடனோ அளக்கக்கூடாது. அப்படி அளந்தால் அது ஓய்வு நிலை எண் ஆகாது. கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கவேண்டும். மழைக்கால விடியலில் இது முக்கியம், ஏனெனில் குளிர்ந்த விரலில் இரத்தவோட்டம் குறைவு. நகச்சாயம் இருந்தால் அழித்துவிடவேண்டும். கறுத்த மருதாணி பிடித்த விரலையும், மண்ணும் பாலும் படிந்த விரலையும் தவிர்க்கவேண்டும். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, எதைத் தேர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே விரல். கையை மடியிலோ மேசையிலோ அசையாமல் வைத்து, வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கவ்வியை மாட்டியவுடன் தெரியும் முதல் எண்ணை எழுதிவிடக்கூடாது. அது மேலும் கீழும் ஆடும். ஒரு நிமிடம் பொறுத்து, எண் ஒரே இடத்தில் நின்றபின் எழுதவேண்டும். கருவியில் இன்னோர் எண்ணும் தெரியும்; அது நாடித் துடிப்பு. மணிக்கட்டில் கைவைத்து எண்ணும் நாடியும் கருவி காட்டும் நாடியும் பெரிதும் வேறுபட்டால், பிராணவாயு எண்ணையும் நம்பவேண்டாம், மறுபடி அளக்கவேண்டும்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் இரண்டு இடங்களில் இந்தக் கருவி நம்மை ஏமாற்றக்கூடும். இவ்விரண்டும் நம் மக்களுக்கு நெருக்கமானவை.

ஒன்று, தோலின் நிறம். கருவி வேலை செய்வது ஒளியால். கருநிறத் தோல் அந்த ஒளியை வேறு விதமாக ஏற்கிறது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. கவ்வி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, கறுப்பின நோயாளிகளிடம் நூற்றுக்கு ஏறக்குறைய 12 முறை உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களிடம் அப்படி இருந்தது நூற்றுக்கு 4க்கும் குறைவு. அமெரிக்க அரசின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2021இல் இது குறித்து எச்சரித்தது. நம்மில் பலர் கருநிறத்தவர். ஆகவே எண் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் நன்றாக இல்லை என்றால், ஆளைத்தான் நம்பவேண்டும்.

மற்றொன்று, புகை. பீடி, சிகரெட் பிடித்தவுடன், அல்லது அடைத்த அறையில் கரியும் விறகும் எரித்தபின், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இரத்தத்தில் ஏறிக்கொள்கிறது. சரக்கு லாரியில் கல் ஏற்றியதுபோல. நம் கவ்விக்குச் சரக்கும் கல்லும் ஒன்றாகவே தெரியும். இரண்டையும் சேர்த்து நல்ல எண்ணாகவே காட்டும். புகைப்பவரின் 97 உண்மையில் 97 ஆக இருக்கவேண்டுமென்பதில்லை.

இதனால்தான், வீட்டில் பிராணவாயு வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் கவ்வியை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. மணிக்கட்டிலுள்ள தமனியிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துச் சோதிப்பார். அந்தச் சோதனை பிராணவாயுவின் அழுத்தத்தையும் கரியமில வாயுவின் அழுத்தத்தையும் ஒருங்கே காட்டும். பிராணவாயுவின் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரச அளவோ அதற்குக் கீழோ இருந்தால் வீட்டில் தொடர்ந்து பிராணவாயு தரும் தகுதி உண்டு. இருதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால், கால் வீங்கியிருந்தால், 60க்குச் சற்றுக் கீழே இருந்தாலும் தருவார்கள். அதுவும் ஒரே நாள் பார்த்து முடிவு செய்வதில்லை. நோய் அமைதியாக இருக்கும் காலத்தில், சில வாரங்கள் இடைவெளிவிட்டு இரண்டு முறை பார்ப்பதே முறை. காய்ச்சலும் சளியும் முற்றி மருத்துவமனையில் படுத்திருந்த வாரத்தில் பார்த்த எண் அவருடைய நிலையான எண் அன்று.

இன்னொன்று. உட்கார்ந்திருக்கும்போது உள்ள அளவு வேறு, நடக்கும்போது உள்ள அளவு வேறு, தூங்கும்போது உள்ள அளவு வேறு. நடையை அளக்க மருத்துவமனைகளில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில், நோயாளி தம் வேகத்தில் ஆறு நிமிடம் போய்த் திரும்பி நடக்கவேண்டும். எவ்வளவு தூரம் நடந்தார், எண் எவ்வளவு இறங்கியது என்று குறிப்பார்கள். உற்சாகப்படுத்தச் சொல்லும் சொற்கள்கூட ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவரிடம் ‘ஐயா, நல்லா நடங்க, நல்லா நடங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்து, இன்னொருவரிடம் வாயே திறக்காமல் நின்றால், இருவருடைய நடையும் வேறாகிவிடும் அல்லவா? இவ்வளவு நுணுக்கமாக ஒழுங்கு செய்வதற்குக் காரணம், இந்த எண்ணை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்யப்போகிறார்கள்.

இனி, கொடுக்கும் அளவுக்கு வருவோம்.

பிராணவாயு உயிர் காக்கும் என்பதற்குச் சான்று வந்தது 1980, 1981ஆம் ஆண்டுகளில். பிரிட்டனில் 87 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். 42 பேருக்கு நாள்தோறும் 15 மணி நேரமாவது பிராணவாயு. 45 பேருக்கு இல்லை. ஐந்தாண்டுகளில், பெற்றவர்களில் 19 பேர் இறந்தனர். பெறாதவர்களில் 30 பேர் இறந்தனர். அமெரிக்காவில் 203 பேரிடம் நடந்த ஆய்வில், இரவில் மட்டும் பெற்றவர்களின் இறப்பு, பகலிலும் இரவிலும் தொடர்ந்து பெற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. ஆகவே தகுதியுள்ள நோயாளிக்கு, மூச்சு முட்டும்போது மட்டும் பத்து நிமிடம் மாட்டிக்கொள்வது சிகிச்சை ஆகாது. தினமும் 15 மணி நேரம் என்பது அடிப்படை. தூங்கும் நேரத்தைச் சேர்த்தால் அது கடினமன்று. சுவீடனில் 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 24 மணி நேரமும் மாட்டியிருந்தவர்களுக்கு 15 மணி நேரத்தாரைவிடக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. ஆகவே பாட்டி கோயிலுக்குப் போய்வரவோ, அக்கம்பக்கத்தாரோடு வாசலில் உட்காரவோ, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தை ஒதுக்கிக்கொள்ளலாம்.

யாருக்குத் தேவையில்லை என்பதையும் ஓர் ஆய்வு சொன்னது. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் 738 பேரிடம் நடந்தது அது. பிராணவாயு சற்றே குறைந்திருந்தவர்களுக்கு வீட்டில் பிராணவாயு கொடுத்தும் ஆயுள் கூடவில்லை. மருத்துவமனையில் சேர்வதும் தள்ளிப்போகவில்லை. ஆகவே, ‘எனக்கு மட்டும் ஏன் இயந்திரம் தரவில்லை?’ என்று மனம் நோகவேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதும் மருத்துவமே.

கூடினால் வரும் தீங்கு என்ன? இங்கேதான் நுரையீரலின் இரண்டாவது வேலையை நினைவுபடுத்திக்கொள்ளவேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்குக் கரியமில வாயுவை வெளியே தள்ளும் ஆற்றல் குறைந்திருக்கும். அவர்களுக்குப் பிராணவாயுவை அளவுக்கு மேல் கொடுத்தால், நுரையீரலில் இரத்தம் பாயும் ஒழுங்கு குலைந்து, மூச்சும் மந்தமாகி, கரியமில வாயு உள்ளேயே தங்கிவிடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம், கை நடுக்கம் என்று தொடங்கி, நினைவு தப்பும் வரை போகலாம். நம் கவ்வியோ அப்போது 98, 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால் கரியமில வாயு அதற்குத் தெரியாது. வீட்டிலுள்ளவர்கள், ‘எண் நல்லாயிருக்கு, தாத்தா நிம்மதியாத் தூங்குறாரு’ என்று மகிழ்ந்திருப்பார்கள். நேயர்களே, அந்தத் தூக்கம் நிம்மதியான தூக்கமாக இல்லாமல் போகலாம்.

இது வெறும் அச்சமன்று. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில், மூச்சுத் திணறலோடு ஆம்புலன்சில் ஏறிய 405 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வழக்கம்போல அதிக அளவு பிராணவாயு பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தனர். கவ்வியைப் பார்த்து 88க்கும் 92க்கும் இடையில் நிற்குமாறு அளந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேரே இறந்தனர். அதே ஆம்புலன்ஸ், அதே பிராணவாயு. வேறுபாடு அளவில் மட்டுமே. இதனால்தான், கரியமில வாயு தங்கக்கூடிய நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை என்றும், மற்றப் பெரும்பாலான அவசர நோயாளிகளுக்கு 94 முதல் 98 வரை என்றும் இலக்கு வைப்பது மருத்துவ உலகில் வழக்கமாயிற்று. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த இலக்கு என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பெரியப்பாவுக்கு 3 லிட்டர் என்றால் நமக்கும் 3 லிட்டர் ஆகாது.

அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? நோயாளியை ஓய்வாக உட்காரவைத்து நிமிடத்திற்கு 1 லிட்டர் என்று தொடங்குவார்கள். இருபது நிமிடமாவது காத்திருப்பார்கள். ஏனெனில் திருகிய மறுகணமே உடம்பு முழுவதும் சமநிலைக்கு வந்துவிடாது. பிறகு எண்ணைப் பார்ப்பார்கள். போதவில்லையென்றால் இன்னும் 1 லிட்டர், மறுபடி காத்திருத்தல். இலக்கைத் தொட்டபின், தமனி இரத்தத்தை மீண்டும் சோதித்து, கரியமில வாயு ஏறவில்லை என்று உறுதி செய்வார்கள். நடைக்குத் தனி அளவு, தூக்கத்துக்குத் தனி அளவு என்று சிலருக்குச் சொல்லக்கூடும். மூன்று மாதத்துக்குள் மீண்டும் சோதிப்பார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கொடுத்தனுப்பிய இயந்திரம் சிலருக்கு அதன்பின் தேவைப்படாமலும் போகும். பத்து ஆண்டுக்கு முன் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு அதே அளவில் இருப்பது முறையன்று.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த அளவை, நள்ளிரவில் இருமல் வந்தவுடன், ‘அண்ணே, இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்க’ என்று திருகிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் மூச்சு முட்டுவதற்கெல்லாம் பிராணவாயுக் குறைவே காரணமன்று. சளி அடைப்பாலும், பயத்தாலும், காற்றுக்குழாய் சுருங்குவதாலும் முட்டும். முதலில் நிமிர்ந்து உட்காரவைத்து, கைகளை மேசைமேல் ஊன்றச் செய்யுங்கள். ஊதாங்குழலில் அடுப்பு ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொல்லுங்கள். சிறு விசிறியின் காற்று முகத்தில் படட்டும். மருத்துவர் கொடுத்த இழுக்கும் மருந்தைச் சொன்னபடி கொடுங்கள். பிறகு முறைப்படி அளந்து பாருங்கள். எண் இலக்கில் இருந்தால் குமிழைத் தொடவேண்டாம். இலக்குக்குக் கீழே போய் அங்கேயே நின்றால், நோய் முற்றுகிறது என்று பொருள்; அப்போது செய்யவேண்டியது மருத்துவமனைக்குப் புறப்படுவது.

எண் திடீரென்று இறங்கினால் இயந்திரத்தையும் பாருங்கள். குழாய் கட்டிலின் காலடியில் மடங்கியிருக்கலாம். மூக்குக் குழாயின் முனையைத் தண்ணீருள்ள கோப்பையில் வைத்தால் குமிழி வரவேண்டும். அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் சிறு குண்டு மிதக்கும். அதைக் கண்ணுக்கு நேராக வைத்து, குண்டின் நடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் 2 லிட்டர் வேறாகத் தெரியும். தூசி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டவேண்டும். இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் தடைபட்டால் என்ன செய்வது, துணைச் சிலிண்டர் தேவையா என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகிக் கேட்கலாம்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பிராணவாயு தானாக எரியாது. ஆனால் எரிவதைக் கொழுந்துவிடச் செய்யும். அது துணியிலும் தலைமுடியிலும் தங்கியிருக்கும். இயந்திரம் ஓடும்போது சாமி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, காஸ் அடுப்பு இவற்றிலிருந்து பத்தடியாவது விலகியிருக்கவேண்டும். அந்த அறையில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக்கூடாது. மூக்கிலும் கன்னத்திலும் எண்ணெய், தைலம், வாசலின் தடவக்கூடாது.

தோட்டத்து மக்கள் தனியே அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2002இல் அதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006இல் மீண்டும் அனுமதித்தது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த நஞ்சு உடம்பில் புகுந்தால் நுரையீரலில் சேர்ந்து, பிராணவாயுவையே ஆயுதமாக்கிக்கொண்டு நுரையீரலை அழிக்கும். ஆகவே அந்த நோயாளிக்கு எண் மிகவும் இறங்கினாலன்றி மருத்துவர்கள் பிராணவாயு கொடுக்கத் தயங்குவார்கள். பழைய கொட்டகையில் மிஞ்சிய புட்டி எதையாவது யாரேனும் தெரியாமல் குடித்துவிட்டால், அருகிலுள்ள இயந்திரத்தை மாட்டிவிடாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிராணவாயு மருந்துதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புகைமூட்டக் காலத்தையும் நினைவில் வைக்கவேண்டும். 2013 ஜூன் 23ஆம் தேதி நம் ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம். மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் நுரையீரல் நோயாளியைச் சன்னல் சாத்திய அறைக்குள் வைத்து, காலை மாலை இரு வேளையும் அளந்து எழுதுங்கள். வழக்கமான எண் எது என்று முன்பே தெரிந்த குடும்பத்துக்குத்தான், இன்று இறங்கியிருக்கிறது என்பது தெரியவரும்.

அதற்கு ஒரு பள்ளி நோட்டு போதும். ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, நேரம், நிலை, லிட்டர், பிராணவாயு எண், நாடி. நிலை என்பதில் உட்கார்ந்து, நடந்து, படுத்து என்று ஏதேனும் ஒன்று. ‘காலை 8 மணி, உட்கார்ந்து, 2 லிட்டர், 91, நாடி 84’ என்று ஒரு வரி. இந்த வேலையைப் பேரப்பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எண் படிக்கவும் கட்டத்தில் எழுதவும் பள்ளியில் கற்ற பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள வீட்டுப்பாடம் இல்லை. கிளினிக்குக்குப் போகும்போது நோட்டையும் கவ்வியையும் கொண்டுபோய், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கருவி இரண்டு எண் கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தால், அதையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு நிமிடமே பார்க்க நேரமுள்ள மருத்துவருக்கு இரண்டு மாதக் கதையை அந்த நோட்டு சொல்லிவிடும்.

எப்போது காத்திருக்கக்கூடாது? உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், எழுப்பியும் எழாமல் தூங்கி வழிந்தால், பேச்சு குழம்பினால், நெஞ்சு வலித்தால், எண் என்ன காட்டினாலும் 999ஐ அழையுங்கள். தோட்டத்துச் சாலை நீளமானது. வண்டி வந்து சேர நேரமாகும் என்பதையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே அழையுங்கள். ஆம்புலன்சில் வருபவரிடம், ‘இவருக்கு இலக்கு 88 முதல் 92’ என்று மருத்துவர் எழுதித் தந்ததைக் காட்டுங்கள். அந்த ஒரு வரி உயிர் காக்கக்கூடும்.

சுருங்கச் சொன்னால்: ஓய்வெடுத்து அளக்கவேண்டும், ஒரே விரலில், ஒரே முறையில் அளக்கவேண்டும், நின்ற எண்ணை எழுதவேண்டும். பிராணவாயுவை மருத்துவர் சொன்ன லிட்டரில், சொன்ன மணி நேரம் கொடுக்கவேண்டும். குமிழைத் திருகும் உரிமை நம் பயத்துக்கு இல்லை. பதமாக எடுத்த அளவுக்கே உண்டு. பால் கணக்கிலும் குலைக் கணக்கிலும் ஒரு சென் தவறவிடாத குடும்பங்கள் நாம். வீட்டுப் பெரியவரின் மூச்சுக் கணக்கையும் அதே கண்ணோடு பார்த்தால், அவர் நம்மோடு இருக்கும் நாள்கள் கூடும்.